பழைய ஸ்விட்ச், நிறைய விஎம்கள்: நெட்வொர்க் டிராஃபிக்கைக் கண்காணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ரேக்கில் நான்கைந்து ஹோஸ்ட்கள் (விஎம்களை ஓட்டும் சர்வர்கள்), அவற்றுக்குள் ஐம்பது அறுபது விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்), எல்லாவற்றையும் இணைத்துப் பிடித்திருப்பது பல வருடம் ஓடித் தேய்ந்த ஒரு ஸ்விட்ச். இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்விட்சை இப்போதைக்கு மாற்ற முடியாது என்று வைத்துக்கொண்டுதான் பதில்கள் எல்லாம்.

ஸ்விட்ச் கிராஃப் அமைதியாக இருக்கிறது, விஎம்கள் திணறுகின்றன. எப்படி?

இரண்டு விஎம்கள் ஒரே ஹோஸ்ட்டில், ஒரே விலேனில் (ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்து வைத்த நெட்வொர்க்) இருந்தால், அவை பேசிக்கொள்வது வெளியே உள்ள ஸ்விட்சுக்குத் தெரியவே தெரியாது. விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குள் இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச், பாக்கெட்டை ஒரு விஎம்மின் நினைவகத்திலிருந்து எடுத்து மற்றதன் நினைவகத்தில் போட்டுவிடுகிறது. கேபிள் வரை அது வருவதே இல்லை. வெவ்வேறு விலேனில் இருந்து, ரூட்டிங் வெளியே நடந்தால் கதை வேறு. அதே பாக்கெட், ஹோஸ்ட்டை ஸ்விட்சோடு இணைக்கும் அப்லிங்க் வழியாக வெளியே போய், அதே அப்லிங்க் வழியாகத் திரும்பி வரும்.

நான் பார்த்த ஒரு சம்பவம். தினமும் மாலை ஏழு மணிக்குமேல் டேட்டாபேஸ் மெதுவாகிறது என்று புகார். ஸ்விட்சில் அந்த ஹோஸ்ட்டின் போர்ட்டைப் பார்த்தால் மூன்று நான்கு சதவீதம்தான் ஓடுகிறது. இரண்டு நாள் டேட்டாபேஸ் செட்டிங்கையே புரட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் ஹோஸ்ட்டில் ஒவ்வொரு விஎம்மின் மெய்நிகர் போர்ட்டையும் தனித்தனியாகப் பார்த்தபோது, பேக்கப் விஎம்மும் ஃபைல் சர்வர் விஎம்மும் தங்களுக்குள் நொடிக்குப் பல கிகாபிட் அள்ளிக்கொண்டிருந்தன. அந்த வேகத்துக்குக் கம்பியின் கட்டுப்பாடு இல்லை. ஹோஸ்ட்டின் சிபியுதான் எல்லை. பக்கத்தில் இருந்த டேட்டாபேஸ் விஎம் சிபியு கிடைக்காமல் காத்திருந்தது. பேக்கப் விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தினோம். உடனே ஒரு கிகாபிட் அப்லிங்க் நிரம்பி வழிந்தது! கடைசியில் பேக்கப்புக்கு வேக வரம்பு வைத்து, நேரத்தையும் மாற்றிய பிறகுதான் சரியானது.

அதனால் எந்தக் கருவியையும் நிறுவும் முன், எந்த விஎம் எந்த ஹோஸ்ட்டில், எந்த விலேனில், எந்த அப்லிங்க் வழியாக என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.

அப்படியானால் பழைய ஸ்விட்சால் என்ன பயன்?

எண்ணிக்கை. போர்ட்டுக்கு எத்தனை பைட் வந்தது, போனது, எத்தனை பிழை, எத்தனை பாக்கெட்டைக் கீழே போட்டது, எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எந்த போர்ட்டில். இதையெல்லாம் அதன் சிப் தானாகவே எண்ணுகிறது. பத்து வருடம் ஆனாலும் இந்தக் கணக்கு பிசகாது. யார் யாரோடு பேசினார்கள் என்பதை ஹோஸ்ட்டிடம் கேளுங்கள். இந்த வேலைப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

கிராஃபில் கோடு 114 மெகாபிட்டுக்குமேல் ஏறுவதே இல்லை. லிங்க்கோ ஒரு கிகாபிட். ஸ்விட்ச் பழுதா?

பழுது இல்லை. நீங்கள் 32 பிட் கவுன்ட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். 32 பிட்டில் அதிகபட்சம் ஏறக்குறைய 429 கோடியே 50 லட்சம் பைட் எண்ணலாம். அதைத் தாண்டியதும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு கிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 34 நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். நீங்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நடுவில் எத்தனை சுற்று போனது என்று கருவிக்குத் தெரியாது. ஒரு சுற்றுக்குமேல் அதனால் கணக்கிட முடியாது. அந்த ஒரு சுற்றை 300 நொடியால் வகுத்துப் பாருங்கள், சரியாக 114 மெகாபிட் சொச்சம் வரும்.

தீர்வு, 64 பிட் கவுன்ட்டரைக் கேட்பது. சாதனங்களிடம் இப்படிக் கணக்குக் கேட்கும் நெறிமுறையான எஸ்என்எம்பியில் உள்வரும் பைட்டின் பழைய எண் 1.3.6.1.2.1.2.2.1.10, வெளிச்செல்வது அதே வரிசையில் 16. இவற்றுக்குப் பதிலாக 1.3.6.1.2.1.31.1.1.1.6 மற்றும் அதே வரிசையில் 10 ஆகியவற்றைக் கேளுங்கள். ஒரு நிபந்தனை உண்டு. எஸ்என்எம்பி முதல் பதிப்பில் 64 பிட் எண் என்ற வகையே கிடையாது. பதிப்பு 2சி அல்லது 3 வேண்டும். பழைய ஸ்விட்சை யாரோ எப்போதோ முதல் பதிப்பில் சேர்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

எவ்வளவு அடிக்கடி ஸ்விட்சிடம் கேட்கலாம்?

போர்ட் கவுன்ட்டர்களை 60 நொடிக்கு ஒருமுறை கேட்பதைப் பழைய ஸ்விட்சும் தாங்கும். ஆனால் தேவையான எண்களை மட்டும் கேளுங்கள். எஸ்என்எம்பி எண்களின் முழு மரத்தையும் நடந்து அள்ளிவரச் சொன்னால் அதன் சின்ன சிபியு மூச்சுத் திணறும். மேக் டேபிளைப் படிப்பது இன்னும் கனமான வேலை. அதை மணிக்கு ஒருமுறை வைத்தால் போதும். வேறொன்றையும் பாருங்கள்: பழைய கண்காணிப்புக் கருவி எங்காவது ஒரு மூலையில் இன்னும் ஓடிக்கொண்டு, அதே ஸ்விட்சை அதே நிமிடத்தில் தட்டிக்கொண்டிருக்கலாம்.

ஒரு நொடிக்கு ஒருமுறை கேட்க ஆசைப்பட வேண்டாம். சில ஸ்விட்ச்கள் எஸ்என்எம்பி எண்களைச் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். கிராஃபில் பூஜ்யம், பூஜ்யம், திடீர்க் கோபுரம், மறுபடி பூஜ்யம் என்று வரும். அது டிராஃபிக்கின் வடிவம் இல்லை.

போர்ட் மிரர் போட்டால் எல்லாம் தெரியுமே? ஸ்பான் ஏன் போதாது?

ஒரு போர்ட்டின் டிராஃபிக்கை நகலெடுத்து இன்னொரு போர்ட்டுக்கு அனுப்புவதுதான் போர்ட் மிரர்; ஸ்பான் அதன் இன்னொரு பெயர். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்பான் பொய் சொல்லும்போது அது பொய் என்று தெரியாது.

முதலில் கணக்கு. ஒரு கிகாபிட் போர்ட் இரு திசையிலும் ஓடும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மொத்தம் 2 கிகாபிட் வரை போகலாம். அதை மிரர் செய்து அனுப்பும் போர்ட்டோ ஒரு திசையில் ஒரு கிகாபிட்தான் அனுப்பும். மிச்சத்தை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பிடித்து வைத்த கோப்பைத் திறந்தால் நிறைய டிசிபி பகுதிகள் காணவில்லை என்று அனலைசர் சொல்லும். அப்ளிகேஷன் பாக்கெட்டை இழக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். இழந்தது மிரர்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காணாமல் போன பகுதிக்கு மறுமுனை ஒப்புகை அனுப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியிருந்தால் பாக்கெட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, நம் பிடிப்பில்தான் ஓட்டை.

அடுத்து, பழைய மாடல்களில் ஒரே நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு மிரர்தான் போட முடியும். பாதுகாப்புக் கருவிக்கு ஏற்கெனவே ஒன்று ஒதுக்கியிருந்தால் உங்களுக்கு இடமே இருக்காது. செக்சம் (பிழை கண்டறியும் எண்) கெட்ட ஃப்ரேம்களை ஸ்விட்ச் உள்ளே நுழையும்போதே தள்ளிவிடுவதால், கேபிள் பிரச்சினையை ஸ்பானில் பார்க்கவும் முடியாது. சில மாடல்களில் விலேன் குறியும் உரிக்கப்பட்டு வரும். முக்கியமாக, முதல் கேள்வியில் சொன்ன ஹோஸ்ட்டுக்குள்ளேயே நடக்கும் பேச்சு எதுவும் இதில் வராது.

ஸ்பான் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு ஹோஸ்ட்டின் அப்லிங்க், ஒரு திசை மட்டும், அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நல்ல கருவி. விலேன் முழுவதையும் மிரர் செய்து மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் தவறு. இன்னொரு ஸ்விட்சுக்கு மிரரை அனுப்பும் ஆர்ஸ்பானில் கூடுதல் ஆபத்து உண்டு. அந்த நகல் டிராஃபிக், உண்மையான டிராஃபிக் போகும் அதே டிரங்க்கில்தான் (ஸ்விட்ச்களை இணைக்கும் லிங்க்) போகும். ஏற்கெனவே பாதி நிறைந்த டிரங்க்கை அது மூழ்கடித்துவிடும்.

ஸ்விட்சில் நெட்ஃப்ளோ இல்லை. ஃப்ளோ தகவலை எங்கிருந்து எடுப்பது?

ஹைப்பர்வைசரிலிருந்து. ஃப்ளோ என்றால் யார் யாரோடு எவ்வளவு பேசினார்கள் என்ற சுருக்கக் கணக்கு; நெட்ஃப்ளோ, எஸ்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ் எல்லாம் அதை அனுப்பும் முறைகள். எப்படி எடுப்பது என்பது அவரவர் வைத்திருப்பதைப் பொறுத்தது.

விஎம்வேரில் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் இருந்தால் வேலை சுலபம். 2011இல் வந்த விஸ்பியர் 5.0 முதல் அதில் நெட்ஃப்ளோவும் போர்ட் மிரரும் உண்டு. அடுத்த ஆண்டு 5.1இல் ஐபிஃபிக்ஸ் வந்தது. சாதாரண ஸ்டாண்டர்டு ஸ்விட்ச் மட்டும் இருந்தால் ஃப்ளோ ஏற்றுமதி கிடையாது. அப்போது ஹோஸ்ட்டுக்கு ஒரு சிறிய லினக்ஸ் விஎம் வைத்து, அதை ப்ராமிஸ்குவஸ் மோடு (தனக்கு வராத பாக்கெட்டையும் கேட்கும் நிலை) உள்ள தனி போர்ட் குரூப்பில் (மெய்நிகர் போர்ட்டுகளின் தொகுப்பு) போட்டு, அது கேட்பதையெல்லாம் ஃப்ளோவாக மாற்றி அனுப்பச் செய்ய வேண்டும்.

திறமூல மெய்நிகர் ஸ்விட்சான ஓபன் விஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நெட்ஃப்ளோ, எஸ்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ், மிரர் எல்லாமே அதில் இருக்கிறது. ஒரு கட்டளையில் இயங்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் லினக்ஸ் பிரிட்ஜும் ஓபன் விஸ்விட்சும் இரண்டுமே பயன்படுத்தலாம். இதற்காக மட்டும் பிரிட்ஜை மாற்ற வேண்டுமா என்று கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ்ட்டில் வேண்டாம் என்பேன். பிரிட்ஜில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஹோஸ்ட் பக்கத்தில் ஒரு டேப் இன்டர்ஃபேஸ் (மெய்நிகர் கேபிளின் ஹோஸ்ட் முனை) இருக்கும். அதன் பைட் கணக்கே முதல் கட்டத்துக்குப் போதும். எஸ்ஃப்ளோவுக்கான ஹோஸ்ட் ஏஜென்ட்டை நிறுவினால் விஎம் வாரியான கணக்கு தானாகவே வரும்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டேப் இன்டர்ஃபேஸில் திசை தலைகீழ். ஹோஸ்ட் அதில் பெற்றதாகச் சொல்வது விஎம் அனுப்பியது. இதைக் கவனிக்காமல், டேட்டாவை வெளியே கொட்டும் விஎம்மை டவுன்லோடு செய்யும் விஎம் என்று படித்துவிட்டு, தவறான ஆளைப் பிடித்து விசாரிப்பது சகஜம்.

ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2012 முதல் போர்ட் மிரர் உண்டு. ஒரு விஎம்மின் நெட்வொர்க் அடாப்டரை மூலம் என்றும், டிராஃபிக்கைக் கேட்கும் சென்சார் விஎம்மின் அடாப்டரை இலக்கு என்றும் குறித்தால் போதும். இரண்டும் ஒரே ஹோஸ்ட்டில், ஒரே மெய்நிகர் ஸ்விட்சில் இருக்க வேண்டும்.

எல்லா ஹோஸ்ட்டிலும் ஃப்ளோ போட்ட பிறகு மொத்தத் தொகை இரட்டிப்பாகத் தெரியும். ஒரு ஹோஸ்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பேச்சை இருவருமே சொல்வதுதான் காரணம். உள்நுழையும் திசையை மட்டும் எண்ணுங்கள், அல்லது ஃப்ளோ தகவலைச் சேகரிக்கும் கலெக்டரில் இரட்டையை நீக்கும் வசதியை இயக்குங்கள்.

நெட்ஃப்ளோவா, எஸ்ஃப்ளோவா?

யார் யாரோடு எவ்வளவு என்ற முழுக் கணக்கு வேண்டுமென்றால் நெட்ஃப்ளோ அல்லது ஐபிஃபிக்ஸ். ஹோஸ்ட்டின் சிபியுவை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் எஸ்ஃப்ளோ. எஸ்ஃப்ளோ ஆயிரத்தில் ஒரு பாக்கெட் என்பதுபோல மாதிரி எடுத்து அனுப்பும். மாதிரி என்றால் துல்லியம் இருக்காதே என்ற பயம் இயல்புதான். பிழை சதவீதம், மாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 196ஐ வகுத்தால் வருவதற்குள் இருக்கும். ஒரு விஎம்மிலிருந்து 10,000 மாதிரி வந்திருந்தால் பிழை 2 சதவீதத்துக்குள். 100 மாதிரிதான் என்றால் கிட்டத்தட்ட 20 சதவீதம். பெரிய பேச்சாளர்களைப் பிடிக்க எஸ்ஃப்ளோ தாராளம். ஒரு நாளைக்கு நான்கு பாக்கெட் மட்டும் அனுப்பும் சந்தேகத்துக்குரிய விஎம்மைப் பிடிக்க அது உதவாது.

நெட்ஃப்ளோ பதிப்பு 5ஐ மட்டும் தவிர்க்கப் பாருங்கள். அதில் ஐபிவி6 கிடையாது. பதிப்பு 9 ஆர்எஃப்சி 3954 ஆக 2004இல் பதிவானது, ஐபிஃபிக்ஸின் இப்போதைய வடிவம் 2013இல் வந்த ஆர்எஃப்சி 7011. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நெட்ஃப்ளோ கிராஃபில் அரை மணிக்கு ஒருமுறை பெரிய முள் எழுகிறதே?

நீண்ட நேரம் ஓடும் ஒரு பேச்சு முடியும் வரை, அல்லது ஒரு காலக்கெடு வரும் வரை, அதன் கணக்கு வெளியே அனுப்பப்படாது. பல சாதனங்களில் அந்தக் கெடு இயல்பாகவே 30 நிமிடம். பேக்கப் போன்றவை அரை மணிக் கணக்கை ஒரே மூச்சில் கொட்டும். ஆக்டிவ் டைம்அவுட்டை 60 நொடியாக்குங்கள், சரியாகிவிடும்.

ப்ராமிஸ்குவஸ் மோடு ஆபத்தில்லையா?

பொதுவான போர்ட் குரூப்பில் போட்டால் ஆபத்துதான். அதில் இருக்கும் எந்த விஎம்மும் பக்கத்தில் உள்ளவரின் பேச்சைக் கேட்கலாம். சென்சாருக்கென்று தனி போர்ட் குரூப் உருவாக்கி, அங்கே மட்டும் அனுமதியுங்கள். விஎம்வேர் ஸ்டாண்டர்டு ஸ்விட்சில் அந்தக் குரூப்பின் விலேன் எண்ணை 4095 என்று வைத்தால் எல்லா விலேனும் கேட்கும். சென்சார் விஎம்மை இடம்பெயராமல் அதன் ஹோஸ்ட்டோடு கட்டிவையுங்கள். அது நகர்ந்துவிட்டால் ஒரு ஹோஸ்ட் குருடாகிவிடும், இன்னொன்றில் இரண்டு சென்சார் இருக்கும்.

விஎம் வேறு ஹோஸ்ட்டுக்கு நகரும்போது கணக்கு அறுந்துவிடுகிறது. என்ன செய்வது?

கிராஃபை ஸ்விட்ச் போர்ட்டோடோ டேப் இன்டர்ஃபேஸ் எண்ணோடோ கட்டாதீர்கள். விஎம்மின் மேக் அல்லது அதன் நிலையான அடையாளத்தோடு கட்டுங்கள். நகர்ந்த உடனே ஹைப்பர்வைசர் ஒரு அறிவிப்பு ஃப்ரேமை வெளியே அனுப்பி, இந்த மேக் இனி இந்தப் பக்கம் என்று ஸ்விட்சுக்குச் சொல்லிவிடும். ஸ்விட்ச் லாகில் மேக் இடம் மாறியது என்று ஒரு வரி வந்தால் பதற வேண்டாம். ஒரே மேக் நிமிடத்துக்குப் பலமுறை இரண்டு போர்ட்டுக்கு நடுவே துள்ளினால்தான் பிரச்சினை. பெரும்பாலும் ஹோஸ்ட் பக்கத்து டீமிங் (பல நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்) அமைப்பும் ஸ்விட்ச் பக்கத்து அமைப்பும் ஒத்துப்போகாததுதான் காரணமாக இருக்கும்.

விஎம்மில் பிடித்த பாக்கெட் 20,000 பைட் என்கிறது, செக்சமும் தவறு என்கிறது. நம்புவதா?

நம்பலாம், ஆனால் அது கம்பியில் போகும் வடிவம் இல்லை. பெரிய துண்டாகக் கொடுத்தால் நெட்வொர்க் கார்டு அதை 1,500 பைட்டுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளும். செக்சமையும் கார்டே கடைசியில் நிரப்பும். நீங்கள் அதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எஸ்ஆர்-ஐஓவி போட்ட விஎம் என்றால் இன்னொரு சங்கதி. அதன் பாக்கெட்டுகள் மெய்நிகர் ஸ்விட்சைத் தொடாமல் நேரே கார்டுக்குப் போய்விடும். ஹோஸ்ட்டில் வைத்த மிரரிலும் ஃப்ளோவிலும் அந்த விஎம் காணாமலே போயிருக்கும். அதற்கு மட்டும் ஸ்விட்ச் பக்க ஸ்பான்தான் கதி.

விஎக்ஸ்லான் ஓடுகிறது. ஸ்விட்சில் என்ன தெரியும்?

விஎக்ஸ்லான், விஎம்மின் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் உறையிட்டு அனுப்பும் முறை. அதனால் ஹோஸ்ட்டுக்கும் ஹோஸ்ட்டுக்கும் நடுவே யுடிபி 4789 டிராஃபிக், அவ்வளவுதான். உள்ளே எந்த விஎம் பேசுகிறது என்பது பழைய ஸ்விட்சுக்குப் புரியாது. அதோடு உறை 50 பைட் கூடுதல் எடுத்துக்கொள்ளும். ஜம்போ ஃப்ரேம் (1,500 பைட்டைவிடப் பெரியது) இயக்கப்படாத பழைய போர்ட் வழியில் இருந்தால் சின்ன பிங் போகும், பெரிய கோப்பு போகாது. துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பெரிய பிங் அனுப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சராசரி 20 சதவீதம்தான். அப்படியும் ஸ்விட்ச் பாக்கெட்டைக் கீழே போடுகிறதே?

சராசரியில் தெரியாத குறுகிய வெள்ளம் அது. பழைய ஸ்விட்ச்களில் பஃபர் சிறியது. ஒரு போர்ட்டுக்கு 1 மெகாபைட் பஃபர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிகாபிட் பக்கத்திலிருந்து வரும் டிராஃபிக் ஒரு கிகாபிட் போர்ட் வழியாக வெளியேற வேண்டும் என்றால், நொடிக்கு 9 கிகாபிட் மிச்சம் தேங்கும். 1 மெகாபைட் நிரம்ப ஒரு மில்லி நொடிகூட ஆகாது. 5 நிமிட சராசரியில் இது தூசி. அதனால் வேகத்தின் கிராஃபைவிட 1.3.6.1.2.1.2.2.1.19 என்ற எண்ணை, அதாவது வெளியே அனுப்ப முடியாமல் போட்டுவிட்ட பாக்கெட் கணக்கை, எப்போதும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய ஸ்விட்சில் நான் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

ஸ்விட்ச் நேற்று இரவு தானாக ரீபூட் ஆனதாக அலர்ட் வந்தது. ஆனால் லாகில் எதுவும் இல்லை?

அது ஓடத் தொடங்கி 497 நாள் ஆகியிருக்கும். ஓடும் நேரத்தை எஸ்என்எம்பி நூறில் ஒரு பங்கு நொடியாக 32 பிட்டில் எண்ணுகிறது; 497 நாளில் அது நிரம்பிப் பூஜ்யமாகிவிடும். லிங்க் எதுவும் கீழே போகவில்லை என்றால் அலர்ட்டை மூடிவிடலாம். உண்மையான முதுமை வேறு இடத்தில் தெரியும்: ஒரு போர்ட்டில் மட்டும் ஏறிக்கொண்டே போகும் செக்சம் பிழை, நின்றுபோன ஃபேன், மெல்ல உயரும் வெப்பநிலை. பிழை ஏறும் போர்ட்டில் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும்.

பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எஸ்என்எம்பி பதிப்பு 2சியில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி சொல்லும், டெல்நெட் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாகக் கம்பியில் போகும். நிர்வாகத்துக்குத் தனி விலேன், படிக்க மட்டும் அனுமதி, கலெக்டரின் ஐபியிலிருந்து மட்டும் அணுகல். இது மூன்றும் பழைய ஸ்விட்சிலும் சாத்தியம். பிடித்து வைக்கும் பாக்கெட்டுகளில் மனிதர்களின் பேச்சு இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான தேடலுக்கு ஒவ்வொரு பாக்கெட்டின் முதல் 96 பைட் போதும். முழுப் பிடிப்பை வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள்.

ஸ்விட்சை மாற்ற அனுமதி கேட்கும்போது எதைக் காட்டுவது?

பழசாகிவிட்டது என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். ஒரு மாதத்துக்கு, மணி வாரியாக, கீழே போட்ட பாக்கெட்டின் எண்ணிக்கையை எடுங்கள். அதே மாதத்தில் வந்த மெதுவாக இருக்கிறது என்ற புகார்களின் நேரத்தை அதன்மேல் புள்ளியாக வையுங்கள். ஹோஸ்ட் ஃப்ளோவிலிருந்து அந்த மணியில் அதிகம் பேசிய மூன்று விஎம்களின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். நேரங்கள் பொருந்த வேண்டுமானால் ஸ்விட்ச், ஹோஸ்ட், கலெக்டர் எல்லாம் ஒரே என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும்) சர்வரைப் பார்க்க வேண்டும். பழைய ஸ்விட்சின் கடிகாரம் பல நிமிடம் தள்ளி ஓடுவது சாதாரணம், அதை முதல் நாளே சரிசெய்துவிடுங்கள்.